மார்ல்கோட் வீட்டுப் பந்தி

கரண்ட் போனதும் ஆட்டையாம்பட்டித் தறிகள் எல்லாம் ஒரேயடியாய் வாயை மூடிக்கொண்டன. அப்போதுதான், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்பூன் சத்தம் கேட்டது. கோகிலவாணி வீட்டில் ஸ்பூனால் சாப்பிடுகிறவர் யாரும் கிடையாது. இருந்த ஒன்றும் மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் கிடந்தது.

அசதியில் காது கூடப் பொய் சொல்லும் என்று நினைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அமாவாசைப் படையல். இலையில் பரிமாறி, போனவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். வந்தவர் கூச்சப்படாமல் சாப்பிட்டுப் போவார். அதுவரைக்கும் உயிரோடிருப்பவர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. லாரியோடு போய் லாரியோடேயே முடிந்துபோன புருஷன் கலையரசனுக்கு அவள் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். பிழைப்பையும் பார்த்து, பிள்ளையையும் பார்த்து, இதையும் பார்க்க ஒரு மனுஷிக்கு எத்தனை கை இருக்கிறது?

பிழைப்பு என்றால், வெளிநாடு சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கான இணையப் பக்கங்களை வீட்டிலிருந்தபடியே தமிழில் எழுதிக் கொடுப்பது. இந்த வாரம் முழுக்க இங்கிலாந்தில் மார்ல்கோட் என்றொரு குக்கிராமம். அங்கே ஒரு கல் வீடு, அதில் ஒரு காலத்தில் ஹார்ட்ரிட்ஜ் குடும்பம். மூத்த மகள் எழுத்தாளர்; தன் நாவல்களையெல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே எழுதினாளாம். கடைக்குட்டி பள்ளிக்கூட வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பின் அவள் நாற்காலியைக் காலியாகவே வைத்து, அதற்கு நேரே ஒரு ஸ்பூனும் வைப்பார்களாம். அரிசியும் பாலும் ஜாதிக்காயும் சேர்த்து, மேலே ஆடை சிவக்கச் சிவக்கச் சமைக்கும் புட்டிங்தான் அந்த வீட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பண்டம்.

"அரிசி, பாலு எல்லாம் நம்மூட்லயும் இருக்குதல்லம்மா? செஞ்சு குடும்மா" என்று மகள் கனிஷ்கா பிடித்த பிடியை விடவில்லை. செய்தாள். அடுப்பில் ஆனதெல்லாம் இலைக்கு வர வேண்டும் என்பது வழக்கம், அதனால் புட்டிங்கிலும் ஒரு கரண்டி வைத்தாள். கலையரசன் பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாளெல்லாம் எழுதிய பேர்தான் நாக்கில் வந்து நின்றது. "ஹார்ட்ரிட்ஜ் ஊட்டுக்காரங்க எல்லாரும் வாங்க" என்று சொல்லியே விட்டாள். தன்னை நினைத்துச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலேயே, கலையரசன் பேரைச் சொல்லாமல் கதவைச் சாத்தினாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. கதவிடுக்கு வழியாக ஜாதிக்காய் மணமும், அதற்கு அடியில் ஈரக் கம்பளியும் கரிப்புகையும் கலந்த ஏதோ ஒரு நெடியும் கசிந்தன. தரையில் நாற்காலி இழுபட்டது. பிளாஸ்டிக் இல்லை, கனத்த மரம். அந்த வீட்டில் மர நாற்காலியே கிடையாது.

எழுந்து பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். படையல் முடியும்வரை அங்கே இருக்கச் சொல்லித்தான் பிள்ளையை அனுப்பியிருந்தாள்.

"அறிவக்கா, கனிஷ்காவ அனுப்புங்க."

அறிவுச்செல்வி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "புட்டிங்கு ஆறிப்போயிரும்னு அப்பவே ஓடியாந்துட்டாளே கண்ணு. பொடக்காளிப் பக்கமா உள்ள வந்தாளே, நீ பாக்கலயா?"

கோகிலவாணி ஓடிப்போய்க் கொல்லைக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. திரும்பி ஓடிவந்து முன்கதவின் நாதாங்கியை விலக்கினாள். அதுவும் அசையவில்லை. உள்ளே மேல்தாழ்ப்பாள் போட்டிருந்தது. கனிஷ்காவுக்கு அது எட்டாது.

"சாமி! கதவத் தொற கண்ணு!"

ஸ்பூன்கள் நின்றன.

கொலுசுச் சத்தம் கதவருகே வந்தது.

"யாருங்க?"

கனிஷ்காவின் குரல்தான். வாய் நிறையச் சோறு.

"அம்மாடா சாமி. அம்மா."

உள்ளே யாரிடமோ திரும்பிக் குசுகுசுவென்று கேட்டாள்.

"அம்மா இங்க இருக்கறாங்களே. நாங்க சாப்பிட்டுட்டு இருக்கறமுங்க."

கொலுசு திரும்பிப் போனது. நாற்காலி ஒன்று முன்னால் இழுபட்டது. ஸ்பூன்கள் மறுபடி தொடங்கின. கூட ஒன்று.

கதவில் நெற்றியை வைத்து அழுதாள்.

அப்போது முதுகுப் பக்கம் டீசல் வாடை அடித்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். லோடு இறக்கிவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் கலையரசன் வாசலில் நின்று செருமுகிற அதே செருமல். கதவு திறக்கட்டும் என்று அவரும் பசியோடு நின்றுகொண்டிருந்தார்.