தோல் கண்டால் எரியும் விளக்கு

அணைந்திருக்க வேண்டிய விளக்கு அணையவில்லை. கண்ணாடி போடாத கண்ணின் கோளாறு என்றுதான் கல்யாணராமன் முதலில் நினைத்தார். மத்தியானம்தான், ஆனாலும் ஜனவரிப் பனிமூட்டம் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸின் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. சமையலறையில் அவர் மனைவி ருக்கு தாளித்த பெருங்காயமும், ஹீட்டர் கம்பியில் தூசி கருகும் நெடியும் கலந்து படுக்கையறை வரை வந்தன. மடியருகே கிடந்தது, நரம்புக்கு மின்சாரம் கொடுத்து வலியை அடக்கும் கையளவு மெஷின். அதில் இரண்டு பச்சை விளக்குகள், வலது ஒயருக்கு ஒன்று, இடது ஒயருக்கு ஒன்று. ஒயர் நுனியிலுள்ள ஒட்டுப்பட்டைகள் மனிதத் தோலில் படிந்திருந்தால்தான் விளக்கு எரியும். கழன்றால் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். இடது பட்டைகள் பசை தீர்ந்து தொடையிலிருந்து கழன்று, மெத்தை விரிப்பின் மேல் கிடந்தன. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவை கிடந்தது, அவருடைய இடது கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில். அந்தக் கால் இப்போது இல்லை. சர்க்கரை முற்றி, செருப்புக் கடித்த புண் அழுகி, போன மழைக்காலத்தில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

எடுத்த கால் சும்மா போயிருக்கலாம். போகவில்லை. இல்லாத கட்டைவிரலை யாரோ பின்பக்கமாக மடக்கினார்கள். இல்லாத உள்ளங்காலில் நெருப்புக் கங்கை வைத்து அழுத்தினார்கள். டாக்டர் இதெல்லாம் சகஜம் என்றார்; அவர் கால் இரண்டும் மேஜைக்கடியில் பத்திரமாக இருந்தன. கடைசியில் மேகலா என்ற பிசியோதெரபிப் பெண்தான் இந்த மெஷினைக் கொண்டுவந்தாள். ஆரம்பத்தில் அது சொர்க்கம். போகப் போக அதன் பலன் தேய்ந்தது.

"நரம்புக்குப் பழகிடும் அங்கிள், அப்புறம் கேக்காது" என்றாள் மேகலா. "டெய்லி இடத்தை மாத்துங்க, வேகத்தை மாத்துங்க. நடுவுல ரெண்டு நாள் லீவு விடுங்க. லீவு ரொம்ப ஜரூரி, விட்டே ஆகணும்."

லீவு. மத்திய சர்க்காரில் காலமெல்லாம் குப்பை கொட்டியும், ஒரு நாள் விடுப்பைத் தொடாமல் ரிடையர்மென்ட்டுக்குச் சேர்த்து வைத்த மனிதரிடம் போய் இதைச் சொன்னாள். மாற்றுகிற காரியத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தார். தொடை, இடுப்பு, முதுகு, நல்ல கால் என்று எல்லா இடமும் பழகித் தீர்ந்துபோயிருந்த வேளையில்தான் இடது பட்டைகள் கழன்று விழுந்தன.

வலி நின்றது. சுத்தமாக. அவர் ரஜாயில், அந்தக் கனத்த பஞ்சுப் போர்வையில், முகத்தைப் புதைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதார்.

பிறகுதான் பயம் வந்தது. பட்டைகளைத் தலையணையில் வைத்தார், பீப். சுவரில் வைத்தார், பீப். மறுபடி விரிப்பில், கால் இருந்திருக்க வேண்டிய அந்தப் பள்ளத்தில் வைத்தார். பச்சை. அடுத்த முறை மேகலா வந்தபோது, விளக்கு தப்பாக எரியுமா என்று பட்டும் படாமல் விசாரித்தார். மெஷினில் எது கெட்டாலும் அது கெடாது, தோல் இல்லாவிட்டால் ஒரு நொடி நிற்காது என்று அவள் சிரித்தாள். போகும்போது, நல்ல காலிலும் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டையும் சேர்த்து ஓட்டச் சொன்னாள்.

அப்படியே செய்தார். வலது பட்டைகள் இருக்கும் காலில், இடது பட்டைகள் வெறும் விரிப்பில். லீவு விடவில்லை. விரிப்பு லேசாகச் சூடாக இருந்தது. ருக்கு கேட்டதற்கு, வலி தேவலை என்று மட்டும் சொன்னார். அவள் பார்வை கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த செயற்கைக் காலுக்குப் போய் வந்தது. அதை மாட்டிக்கொண்டு அவர் ஒரு தரம் ஹாலுக்கு நடந்து வர வேண்டும், அவளுக்கு வேறு ஆசையில்லை.

ஒரு நாள் அந்தப் பள்ளத்தில் பீப் கேட்டது. வலி பாய்ந்து வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பட்டையால் விரிப்பெங்கும் தடவித் தேடினார். கட்டிலின் ஓரத்தில் பச்சை. அதற்குக் கீழே, காற்றில், பச்சை. தரைக்குச் சற்று மேலே, பச்சை. அவர் மல்லாந்து படுத்திருக்க, இல்லாத கால் முட்டியை மடக்கித் தொங்கவிட்டு, தரையில் பாதம் ஊன்றியிருந்தது.

உட்கார்ந்திருக்கிறது. அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்தது.

அன்றைக்குத்தான் லீவு விட்டார், ஆயுளிலேயே முதல் தடவையாக. சாயங்காலம் வரை தாங்கினார். உள்ளங்காலில் கங்கு ஏறி எலும்பைத் துளைத்தது. வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே விரல்கள் மெஷினைத் தேடின. வலது பட்டைகளை நல்ல காலில் ஒட்டி, ரஜாயை மேலே இழுத்துக்கொண்டார். இடது பட்டைகளைக் கட்டிலுக்குக் கீழே, காற்றில் நீட்டினார்.

ஒட்டிக்கொண்டன. கையை எடுத்தார். அவை விழவில்லை.

இரண்டு பச்சைகள். வலி அடங்கியது.

இடது ஒயர் விறைத்தது. மேலே எழும்பியது. பட்டைகள் மெல்ல நிமிர்ந்து, நின்றன. மெஷினிலிருந்து ஒயர் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அப்படியும் விளக்கு எரிந்தது. ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டே கதவைத் தாண்டியது.

தொப். சற்று நேரம் கழித்து, தொப்.

"ஏன்னா?" சமையலறையிலிருந்து ருக்கு. "நடக்கறேளா? என் வயத்துல பால வார்த்தேளே. மெதுவா வாங்கோ, சுவத்தைப் பிடிச்சுக்கோங்கோ."

செயற்கைக் கால் கதவுக்குப் பின்னால் அப்படியே சாய்ந்திருந்தது. அவர் கத்த வாய் திறந்தார். காற்றுதான் வந்தது.

பீப்.

வலது விளக்கு அணைந்தது.

பட்டைகள் கழன்றிருக்கும். பசை போயிருக்கும். ரஜாயைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தூக்கவில்லை. வலது பக்கம் மேடாக இருந்த ரஜாய் தொடையிலிருந்து கீழ்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. தட்டையாயிற்று.

ஹாலில் நடை மாறியது. தொப் தொப். தொப் தொப்.

"ரெண்டு காலும் நன்னா ஊணறதே," என்றாள் ருக்கு. காப்பி ஆற்றும் சத்தம். "இதோ வரேன், உக்காருங்கோ, நான்..."

பாதியில் நின்றது. டம்ளர் விழுந்து உருண்டது. அதன் பிறகு அவள் பேசவே இல்லை.

நடை நிற்கவில்லை. கட்டிலில், இல்லாத இரண்டு உள்ளங்கால்களிலும் கங்கு ஏறத் தொடங்கியது. அவர் மடியில் இடது விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.