வீரம்மா வைத்த மருந்து

"ஐயோ... எம் புள்ளைக்கு மருந்து வச்சிட்டாளே, பாவி!"

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மாமியார் மீனம்மா போட்ட கூச்சலில் வேலைக்குக் கிளம்பிய லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த மாத்திரை அட்டை அவள் கையில் இருந்தது.

அடுப்படியில் மருமகள் வீரம்மா விறைத்து நின்றாள்.

"தீவாளிக்குக்கூட அவன் குடிக்கல! சிரிப்பில்ல, பேச்சில்ல... எம் மகன நடைப்பொணமா ஆக்கிட்டியேடி!"

பளீரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

விடுமுறையில் வந்திருந்த வீரம்மாவின் மகள் சுதர்ஷினி ஓடிவந்து அட்டையைப் பிடுங்கினாள். பெயரைப் படித்ததும் முகம் வெளுத்துவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆராய்ச்சி செய்பவள் அவள். குடித்தால் மூளையில் எழும் சுகம் போய் உட்காரும் இடங்களை முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும் மருந்து அது. அதைவிட நன்றாக அடைக்கக்கூடிய புதிய சேர்வைகளைக் கணினியில் வடிவமைப்பதுதான் அவளுடைய வேலையே!

"அம்மா... இத அப்பாவுக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுக்குறியா? ஈரல் கெட்டுப்போனா என்ன செய்வ? ஆய்வுகூடத்து எலிக்குக் குடுக்கவே நாங்க பயப்படுறோம்... நீயாம்மா இப்பிடி?"

பெற்ற மகளே கேட்டுவிட்டாள்!  வீரம்மா இரண்டு சேலையைச் சுருட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"நில்லு வீரம்மா!"

பீலித் தண்ணீரில் முகம் கழுவப் போயிருந்த கணவன் செல்லசாமி, ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"அவ எதையும் கலக்கல. கண்டி டாக்டர்கிட்ட கேட்டு வாங்குனது நான். முழுங்குறதும் நாந்தான்!"

அவன் மகள் பக்கம் திரும்பினான்.

"போன பொங்கலுக்கு இந்த மாத்திரையப் பத்தி உங்கம்மாகிட்ட சொன்னியே பாப்பா... நான் வெறியில கெடக்குறேன்னு நெனச்ச. முழிச்சுத்தான் இருந்தேன். 'எங்கப்பா எங்க திருந்தப் போறாரு'ன்னு சிரிச்ச பாரு..." முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டான். "மாத்திர போட்டுத்தான் குடிய விட்டான்னு ஒருத்தரும் சொல்லக்கூடாதுன்னு வீம்பு. உனக்கோ ஆத்தாவுக்கோ தெரிஞ்சா மாத்திரைய நிறுத்திருவேன்னு சொல்லி இவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

சுதர்ஷினி கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தான் சொல்லிவிட்டு மறந்துபோன ஒரு வார்த்தையா அப்பாவை அத்தனை தூரம் கொண்டுபோனது!

மீனம்மா மருமகளின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வார்த்த சொல்லக் கூடாதா ஆயி? நான் அடிச்சப்பக்கூட வாய மூடிக்கிட்டு..."

"சொன்னா மாத்திரைய விட்டுருவாரு அத்தே. நீங்க அடிச்சா... நான் கொஞ்ச நேரம் அழுதுட்டு எந்திரிச்சிருவேன்."

"அம்மா..." சுதர்ஷினி தாயின் அருகில் வந்து நின்றாள்.

வீரம்மா முதலில் மாமியாரைத் தூக்கி நிறுத்தினாள். அதன் பிறகுதான் மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, அத்தனை சனமும் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.