ஒரே ஆள் பார்த்த டிவி

மூன்றாவது மாடி ஏறி முடிப்பதற்குள் ஹென்னிங்குக்கு மூச்சு வாங்கியது. ஆல்போர் நகரத்தில் அந்தப் பக்கத்துக் கட்டடங்களுக்கு லிஃப்ட் கிடையாது. கூட வந்த யோர்ன் படிக்கு ஒரு கேலியாக ஏறிக்கொண்டிருந்தான்.

"டேய், எடுக்கிறதைச் சின்னதா எடு. பெருசா எடுத்தேன்னா டிவியை நான் தூக்கிடுவேன், உன்னை எவன் தூக்குவான்?"

யோர்ன் டிவி, ரேடியோ பழுது பார்ப்பவன். ஹென்னிங் டவுன் பஸ் ஓட்டுபவன். இறந்துபோன ஒருவருடைய வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு என்று வாரப் பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. டிவி இரண்டு, வீடியோ ஒன்று. செத்தவர் சாமானை வாங்க டென்மார்க்கில் யாரும் கூச்சப்படுவதில்லை. பாதி வீடுகளில் விளக்கும் சோபாவும் அப்படி வந்தவைதான். அவர் எப்படிச் செத்தார் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் நாகரிகம் தெரியாதவன் என்பார்கள்.

ஹென்னிங்குக்கு அவசரம். விவாகரத்தான பிறகு, மகள் மைக்கன் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு வரை அவனோடு இருப்பாள். ஒன்பது வயது. போன முறை வந்தவள் சனிக்கிழமை காலையிலேயே "வீட்டுக்குப் போகணும்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். பெற்ற தகப்பன் வீடு அவளுக்கு வீடாகவே தெரியவில்லை. பிறகு அவளுடைய அம்மா லிஸ்பெத் போனில் சொன்னாள்: "அழுற பிள்ளையை இழுத்துட்டு வந்து விட எனக்கு இஷ்டமில்ல. இந்தத் தடவையும் அழுதாள்னா நிறுத்திக்கலாம், ஹென்னிங்."

நிறுத்திக்கலாமாம். பால்காரனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

கதவைத் திறந்தவர் வேர்னர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். இறந்தவருடைய அக்கா மகன். கதவில் 'விளம்பரத் தாள்கள் போட வேண்டாம்' என்ற சிறிய ஒட்டுத்தாள் இன்னும் இருந்தது. உள்ளே புதிதாக அடித்த வெள்ளையின் வாடையும் வினிகரும் மூக்கில் ஏறின. கூடத்து மரத்தரையில் நடுவே மட்டும் ஆறு பலகைகள் புத்தம் புதிதாக இருந்தன.

படுக்கையறையில் இருந்தது சின்ன டிவி. யோர்ன் அதைப் போட்டுப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு. இதை எடு" என்றான்.

ஹென்னிங்கின் கண் கூடத்தில் இருந்த பெரிய டிவிமேல் இருந்தது. இருபத்தெட்டு அங்குலம். லிஸ்பெத்தின் புதுப் புருஷன் வீட்டிலும் அதே அளவுதான். அதன் கீழே கறுப்பு வீடியோ, ரிமோட்டோடு.

யோர்ன் பெரியதைப் போட்டான். திரை முழுக்க வெள்ளை வரவைத்து ஓரங்களைப் பார்த்தான். பிறகு உதட்டைப் பிதுக்கினான். "படக்குழாய் தேஞ்சிருக்கு. வாங்கி எத்தனை வருஷம்?"

"ரெண்டரை வருஷம்" என்றார் வேர்னர்.

"ராப்பகலா ஓடின மாதிரி இருக்கே?"

"ஒரே ஆள் பார்த்ததுதான். நிறையப் பார்ப்பாரு."

டிவி வாங்கும்போது பின்பக்கத்தை மோந்து பார்ப்பது யோர்னுடைய வழக்கம். உள்ளே ஏதாவது கருகியிருந்தால் மூக்கு சொல்லிவிடும். குனிந்து காற்றுத் துளைகளில் மூக்கை வைத்தவன், சட்டென்று தலையைப் பின்னால் இழுத்தான்.

"தூ! என்னய்யா இது? பழைய சீஸைத் தின்னுட்டு இதுமேலயே கையைத் துடைச்சிருக்காரு!"

ஹென்னிங் சிரித்தான். அந்த ஊர்க்காரர்கள் ரம்மும் வெங்காயமும் வைத்து கறுப்பு ரொட்டியோடு தின்கிற முற்றிய சீஸ் அப்படித்தான் நாறும். வீட்டுக்குள்ளே வைக்க முடியாமல் பால்கனியில் டப்பாவில் வைப்பார்கள். அவனே அதற்கு அடிமை. வேர்னர் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலைத் திறக்கப் போனார்.

"சின்னதை எடுடா" என்றான் யோர்ன், காதோரமாக. "எனக்கு இது பிடிக்கல."

"என் மக உட்காரணும்டா இதுக்கு முன்னாடி. அங்க இருக்கிற மாதிரியே இருக்கணும்."

பெரியதையே எடுத்தான்.

வீட்டில் வைத்து ஓடவிட்ட அரை மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டி சூடேறிய பிறகு வாடை வந்தது. முதலில் புளித்த பால்போல. பிறகு இனிப்பாக. ஹென்னிங் பால்கனிக்குப் போய்ச் சீஸ் டப்பாவை முகர்ந்து பார்த்தான். இதுதான், வேறென்ன? பாதி சீஸ் இருந்தும் மனசில்லாமல் குப்பையில் போட்டான்.

மறுநாளும் வாடை வந்தது. குளிர்பெட்டியைக் கழுவினான், சாக்கடைத் துளையில் வெந்நீர் ஊற்றினான். திரையில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. துணியால் துடைத்தால் வெதுவெதுப்பான கொழுப்பாக ஒட்டியது. துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி படிந்திருக்கும். அந்தத் துணியைச் சோப்புப் போட்டு மூன்று முறை அலசியும் பிசுபிசுப்பு விடவில்லை. சீ என்று அதையும் எறிந்தான்.

வியாழக்கிழமை மாடிப்படிச் சுவரில் யாரோ ஒரு சீட்டை ஒட்டியிருந்தார்கள். 'அன்புள்ள அண்டை வீட்டாரே, உங்கள் சீஸைத் தயவுசெய்து மூடி வைக்கவும். நட்புடன்.' பெயர் இல்லை. கதவைத் தட்டிச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஹென்னிங் வெட்கத்தோடு அதைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டில் சீஸே இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வெள்ளிக்கிழமை மைக்கன் வந்தாள். வாசலில் ஷூவைக் கழற்றியவள் அப்படியே நின்றாள்.

"ஐயோ அப்பா! பெரிய டிவி!"

"உனக்குத்தான் கண்ணு. வீடியோவும் இருக்கு. உனக்கு வேணுங்கிறதைப் பதிவு பண்ணி வச்சுப் பார்க்கலாம்."

வெள்ளிக்கிழமை மாலை என்றால் நாட்டில் உள்ள அத்தனை பிள்ளைகளும் கார்ட்டூன் பார்க்கிற நேரம். ஒரு கிண்ணம் நிறைய அதிமதுர மிட்டாயை வைத்துக்கொண்டு மைக்கன் தரையில் உட்கார்ந்தாள். வாடையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். சமையலறையில் உருளைக்கிழங்கு வேகவைத்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்க ஹென்னிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த முறை அழ மாட்டாள். இந்த முறை தப்பித்தான்.

ஒரு தடவை எட்டிப் பார்த்தான். மைக்கன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நன்றாக, வசதியாக.

அவள் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

பிள்ளைகள் எப்படி வேண்டுமானாலும் உட்காரும் என்று உருளைக்கிழங்குப் பக்கம் திரும்பிவிட்டான்.

ஏழு மணிக்கு வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்தில் அங்கே இருட்டவே பதினொன்றாகும். "சாப்பிட வா" என்று சொல்லிக்கொண்டே ஹென்னிங் ரிமோட்டை அழுத்தி டிவியை அணைத்தான். திரை சாம்பல் நிறக் கண்ணாடியானது. அதில் கூடம் முழுவதும் தெரிந்தது. கதவருகே அவன். தரையில் மைக்கன். அவளுக்குப் பின்னால் ஒரு சாய்வு நாற்காலி.

அவன் வீட்டில் சாய்வு நாற்காலி கிடையாது.

நாற்காலியில் ஒருவர் இருந்தார்.

இருந்தார் என்பதைவிட, வழிந்திருந்தார். தலை மார்புக்கு இறங்கியிருந்தது. மார்பு வயிற்றுக்கு இறங்கியிருந்தது. கருத்து, பளபளவென்று, எங்கே சட்டை முடிகிறது எங்கே சதை தொடங்குகிறது என்று தெரியாமல்.

கை மட்டும் அசைந்தது.

அது மைக்கனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

ஹென்னிங் திரும்பிப் பார்த்தான். நாற்காலி இல்லை. யாரும் இல்லை. மைக்கன் எழுந்து வந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய வெளிர் மஞ்சள் முடி உச்சந்தலையில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. தொட்டான். வெதுவெதுப்பான கொழுப்பு.

"யாரும்மா... யாராவது இருந்தாங்களா?"

"தாத்தா" என்றாள் அவள் மெதுவாக. "ரொம்ப நாளா தனியா பார்த்தாராம்."

குளியலறையில் நிற்க வைத்து அவள் தலையை மூன்று முறை கழுவினான். பாத்திரம் கழுவும் சோப்பைக்கூடப் போட்டான். மைக்கன் கண் எரிகிறது என்று கத்தினாள். வடிதுளையில் தண்ணீர் மஞ்சளாகச் சுழன்று இறங்கியது. அவளைத் துவட்டிவிட்டு, கழிப்பறைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தான்.

லிஸ்பெத்தைக் கூப்பிட வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தான். என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்பாள். பாதியைச் சொன்னாலும் இனி பிள்ளையை அனுப்ப மாட்டாள். போனை வைத்துவிட்டான். அந்த இரவு மைக்கனைத் தன் அறையில் படுக்கவைத்து, கதவைப் பூட்டி, கதவில் முதுகைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

காலையில் ஹென்னிங் கூப்பிட்டதும் யோர்ன் திருப்புளியோடு வந்தான். ஒன்றும் கேட்காமல் டிவியைத் திருப்பிப் பின்மூடியைக் கழற்றினான்.

சோறு கொட்டியதுபோல அவை தரையில் கொட்டின. பழுப்பு நிறத்தில், காய்ந்து, உள்ளே ஒன்றுமில்லாத கூடுகள். ஆயிரக்கணக்கில்.

"புழுக்கூடு" என்றான் யோர்ன், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. "ஈ வெளிய வந்த கூடு." வீடியோவின் கேசட் வாயைத் திருப்புளி முனையால் தூக்கினான். அங்கேயும் இருந்தன. சில இன்னும் காயவில்லை.

அவன்தான் வேர்னருக்குப் போன் போட்டான். கத்தினான். பிறகு கத்தாமல் கேட்டான்.

"பதினாலு மாசம்டா" என்றான், போனை வைத்துவிட்டு. "நாற்காலியிலேயே செத்துக் கிடந்திருக்கான். டிவி ஓடிட்டே இருந்திருக்கு. வாடகை, கரண்ட்டு எல்லாம் பேங்க்கே தானாக் கட்டியிருக்கு. விளம்பரத் தாளும் வேண்டாம்னு எழுதி ஒட்டியிருந்தானா, வாசல்ல குப்பை சேரவும் இல்ல."

"அக்கம்பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மூக்கு இல்லையா?"

யோர்ன் அவனைப் பார்த்தான். "சீஸை மூடி வைக்கச் சொல்லிக் கதவுல சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்காங்க. மூணு தடவை."

ஹென்னிங்கின் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பி வந்தது.

"அந்தாளு நம்மகிட்டச் சொல்லியிருக்கலாமேடா!"

"கேட்டேன். 'நீங்க கேக்கவே இல்லையே'ங்கிறான், நாய்."

அன்று மதியமே இரண்டு பேரும் அந்தச் சனியனை வீடியோவோடு பழைய சாமான் கொட்டும் மையத்துக்குக் கொண்டுபோய் இரும்புத் தொட்டிக்குள் தள்ளினார்கள். படக்குழாய் குண்டு வெடித்ததுபோல வெடித்தது. காருக்குள் இருந்த மைக்கன் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொண்டுபோய் விடும்போதும் அழுத முகமாகவே இருந்தாள். எல்லாம் முடிந்தது, இனி வர மாட்டாள் என்று ஹென்னிங் பஸ் ஓட்டும்போதெல்லாம் நினைத்துக்கொண்டான். ஒரு நாள் நிறுத்தத்தில் நிற்காமலே போய்விட்டான். ஆனால் பிள்ளை பத்திரமாக இருக்கிறாள், அது போதும் என்றும் சொல்லிக்கொண்டான்.

பத்து நாள் கழித்து லிஸ்பெத் போன் செய்தாள்.

"என்ன சொக்குப்பொடி போட்டே அவளுக்கு? அப்பாகிட்டேயே இருக்கணும்னு தினம் ரகளை. சோறு இறங்க மாட்டேங்குது. கோடை லீவு முழுக்க வச்சுக்கிறியா?"

ஹென்னிங் சட்டென்று சரி என்றான். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று சிறுபிள்ளைபோல அழுதான். வீடு முழுக்கத் தேய்த்துக் கழுவினான். புதுப் போர்வை வாங்கினான், ஸ்ட்ராபெரி வாங்கினான்.

வெள்ளிக்கிழமை லிஸ்பெத் பெட்டியை மாடி வரை தூக்கி வந்து வாசலில் வைத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"டாக்டர்கிட்டக் காட்டிட்டேன், ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. தினம் தலைக்கு ஊத்துறேன், வாடை போக மாட்டேங்குது, ஹென்னிங். கார் ஜன்னலை எல்லாம் இறக்கிவிட்டுட்டுத்தான் ஓட்டிட்டு வந்தேன்." மகளுக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தவள், பாதியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னத்தில் லேசாகத் தொட்டுவிட்டு, வேகமாகப் படியிறங்கிப் போனாள். கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

மைக்கன் அவனைக் கட்டிக்கொண்டாள். அந்த இனிப்பு வாடை அவன் தொண்டை வரை போயிற்று. விடாமல் அணைத்துக்கொண்டான்.

"அப்பாவைத் தேடுச்சா கண்ணு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அங்க எல்லாரும் மூக்கைப் பொத்துறாங்கப்பா. தாத்தாவுக்கு அழுகை வருது. நீதான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டியே. அதான் உன்கூடவே இருந்துக்கலாம்னு சொன்னாரு."

அவள் அவனிடமிருந்து விலகி, கதவைச் சாத்தாமல் கையால் பிடித்துக்கொண்டு, மாடிப்படிப் பக்கம் பார்த்தாள்.

"மெதுவா வாங்க" என்றாள். "அவசரமில்ல."

கீழ்ப்படியில் ஈரமான ஏதோ ஒன்று ஒட்டிப் பிரிந்தது.

பிறகு அடுத்த படியில்.