கையுறைக்குள் ஒரு கட்டி

அன்று முயல்கள் வினோதாவைக் கண்டு பயப்படவில்லை. கதவு திறக்கும் ஓசைக்கே பின்னங்காலால் தரையைத் தட்டிவிட்டு மூலைக்கு ஓடுகிறவை, கம்பியோரம் வந்து உட்கார்ந்து, மூக்கை மட்டும் அசைத்துக்கொண்டு அவள் வலது கையையே பார்த்தன. ஃபினைல் வாடையும் மூத்திர நெடியும் ஏசியின் உறுமலும் எப்போதும்போல்தான் இருந்தன.

அந்தக் கையில்தான் ஊசி குத்தியிருந்தது. கருவடிக்குப்பத்துப் பக்கம் இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில், முயல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கிளறிவிட, மருந்தோடு அட்ஜுவன்ட் எண்ணெயைச் சேர்த்து வெண்ணெய்போல அடித்து ஏற்றுவார்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையக் கூடாது, அதுதான் பதம். போன மாதம் ஒரு முயல் துள்ளியதில் அந்த வெண்ணெய் இவள் விரலுக்குள் இறங்கிவிட்டது. அங்கேயும் கரையவில்லை. கொண்டைக்கடலை அளவு கட்டியாக நின்றது. முதலில் விரல் மரத்தது, பிறகு உள்ளங்கை, இப்போது முழங்கை வரை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிரந்தர வேலைக்கான ஆர்டர் வரப்போகிற நேரம். நெல்லித்தோப்பு வீட்டில் இவள் சம்பளத்தை நம்பித்தான் உலை கொதிக்கிறது. முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிற உலகத்தில், ஒரு கொண்டைக்கடலையை மறைக்கக் கையுறை போதாதா?

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயமும் மரத்துப்போய், வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

கூண்டைத் திறந்து, முயல் வெளியே குதிக்காமல் இருக்க வலது கையால் மறித்துக்கொண்டு, இடது கையால் மேல்தட்டில் இருந்த தீனி மூட்டையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இளகவில்லை. கீழே கறுக், கறுக் என்று மெல்லும் சத்தம்.

"வினோதா! ஒன் ஆர்டரு வந்துடுச்சும்மா!" வெளியே சூப்பர்வைசர் கலியபெருமாளின் குரல். "வந்து கையெழுத்து போட்டுட்டு போ. நான் கெளம்பணும்."

"தோ வந்துட்டேன் சார்!"

அப்பாடா. கண் கலங்கியது அவளுக்கு. இனி ஒரு கவலையும் இல்லை.

கறுக். கறுக்.

தீனி மூட்டையின் முடிச்சு இன்னும் அவிழவில்லை.

குனிந்தாள்.

கையுறை கிழிந்து தொங்கியது. கட்டி இருந்த விரலைக் காணோம். வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை.

"என்னம்மா, வர்றியா?"

முயலின் வெள்ளை மோவாய் சிவந்திருந்தது. அது தலை நிமிரவில்லை. நிதானமாக அடுத்த விரலுக்கு நகர்ந்தது.