மாஸ்டரின் காதில் ஒரு கம்பி

செம்மண்பட்டியில் காலைப் பலகாரத்துக்கு யாரும் வரிசையில் நிற்பதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து தட்டை நீட்டினால் போதும். சமையல்கட்டிலிருந்து, மாஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் சமையல் ரோபோ இட்லியை வீசும். செவ்வாயில் எதற்கும் பூமியில் இருக்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், இட்லி ஒரு அவசரமும் இல்லாமல் கூடத்தைக் கடந்து வந்து தட்டில் உட்காரும். சட்னியை மட்டும் வீசுவதில்லை. ஒரு முறை வீசிப் பார்த்து, கூரையைத் துடைக்கவே ஒரு வாரம் ஆகிவிட்டது.

சாப்பிடும் முன் எல்லோரும் சுவரைப் பார்த்து ஒரு வணக்கம் போடுவார்கள். சுவரில் இருப்பது சாமி படம் அல்ல, தலைமையகக் கண். உள்ளங்கை அகலத்தில் கறுப்புக் கண்ணாடி, ஓரத்தில் எந்நேரமும் எரியும் சிவப்பு விளக்கு. பூமியிலுள்ள தலைமை அலுவலகம் அதன் வழியாகத்தான் குடியேற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் எதிரே வந்தால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள். கொட்டாவியை அப்படியே விழுங்குவார்கள். துடைத்த மேசையை இன்னொரு முறை துடைப்பார்கள்.

அன்று தட்டுகள் நீண்டன, இட்லி வரவில்லை. எட்டிப் பார்த்தால், ஆறு கைகளையும் தூக்கிய வாக்கில் மாஸ்டர் அசையாமல் நிற்கிறது. ஒரு கரண்டியிலிருந்து மாவு மெதுவாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

இசக்கியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. நிற்பதென்றால் நாளைக்கு நிற்கக் கூடாதா இந்தச் சனியன்? குடியேற்றத்தின் ஒரே சில்லு மெக்கானிக் அவள்தான். சாயங்காலம் பூமிக்குக் கப்பல். இதை விட்டால் அடுத்தது இரண்டு வருஷம் கழித்துத்தான். வள்ளியூரில் அவளுக்கு நிச்சயமான சுயம்புலிங்கம் ஏற்கெனவே இரண்டு கப்பல்களுக்குக் காத்திருந்துவிட்டான். இன்னும் காத்திருக்க அவன் தயார்தான். அவன் தலைமுடிதான் தயாராக இல்லை. ஒவ்வொரு வீடியோவிலும் அது கொஞ்சம் பின்வாங்கியிருந்தது.

மேலாளர் தேவசகாயம் வந்து மாஸ்டரைப் பார்த்தார். அப்புறம் இசக்கியின் பெட்டியைப் பார்த்தார்.

"மாஸ்டர் இப்படி நிக்கும்போது நான் எப்படிம்மா ரிலீவிங் ஆர்டர்ல கையெழுத்துப் போடுவேன்? இத்தனை பேர் வயித்துக்கு யார் பதில் சொல்றது?"

"எனக்கு மாத்து ஆளு கேட்டு எழுதினீங்களா சார்?"

"எழுதினேன். பரிசீலனையில இருக்காம்."

அவரோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை. இசக்கி பெட்டியைத் திறந்து ஆய்வுக் கம்பியை எடுத்தாள். மாஸ்டரின் மூளை நகக்கண் அளவுள்ள ஒரு சில்லு. எப்போது ஊற்றுவது, எப்போது வீசுவது என்ற நிரல் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. பழையதை அழித்துப் புதியதை எழுதுவதற்கு நிரலேற்றம் என்று பெயர். காதுக்குப் பின்னால் இருக்கும் துளையில் கம்பியைச் செருகினால் எழுதலாம், சில்லு என்ன நினைக்கிறது என்று வரிவரியாகப் பார்க்கவும் செய்யலாம்.

"நேத்து ராத்திரிதானே தலைமையகத்துலேருந்து புது நிரல் வந்தது, மின்சாரச் சிக்கனம்னு? பழையதை எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இனிமே வைக்கிறோம்" என்றாள் சமையல்கட்டுப் பொறுப்பாளர் ஜமீலா.

நிரல் பாதி எழுதப்பட்டு நின்றிருக்கும், மறுபடி முழுதாக எழுதினால் சரியாகிவிடும் என்று இசக்கி கணக்குப் போட்டாள். கம்பியைச் செருகினாள். 'சில்லு எதுவும் இல்லை' என்றது கணினி. கண்ணெதிரே மலை மாதிரி நிற்கிறது, இல்லையாம். கம்பியை மாற்றினாள். மின்சாரத்தை அளந்தாள். காதுத் துளைக்குள் விளக்கடித்தால், ஆயுத பூஜைக்கு யாரோ அன்போடு அப்பிய சந்தனமும் குங்குமமும் கட்டிதட்டிக் கிடந்தன.

"காதுக்குள்ள யாரு பொட்டு வச்சது அக்கா?"

"நெத்தி எதுன்னு தெரியலைன்னு பசங்க எல்லா இடத்துலயும் வச்சாங்க" என்றாள் ஜமீலா.

சுரண்டி எடுத்த பிறகும் அதே பதில்தான். அப்போதுதான் இசக்கிக்குச் சந்தேகம் வந்தது. சில்லு சாகவில்லை, தூங்குகிறது. தூங்கும் சில்லு யார் கூப்பிட்டாலும் பேசாது. மறுதொடக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே கம்பியைச் செருகினாள். கண் விழிக்கிற அந்த நொடியிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துவிட்டாள். நிரல் ஏறியது, சரிபார்த்ததிலும் பிழை இல்லை. மாஸ்டர் ஆறு கைகளையும் உதறிக்கொண்டு இட்லி ஊற்றத் தொடங்கியது. கூடத்தில் கைதட்டினார்கள்.

கம்பியைக் கழற்றினாள். மாஸ்டர் நின்றது.

செருகினாள். பொத்தானை அழுத்தியதும் ஊற்றியது. கழற்றினாள். நின்றது. வரிவரியாக நடத்திப் பார்த்தால் ஒரு வரியிலும் தப்பில்லை. கம்பி இருக்கும்வரை அதைப் போல யோக்கியன் கிடையாது, மாவு விளிம்பு தாண்டாமல் ஊற்றுகிறது. கம்பி போன மறுநிமிடம் கரண்டியோடு கட்டை.

மத்தியானத்துக்குள் இசக்கி நூலைப் பிடித்துவிட்டாள். சிக்கனத்துக்காகப் புது நிரலில் உறக்க விதி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்: வேலைக்கு நடுவே ஒரு நொடி ஓய்வு கிடைத்தாலும் தூங்கு. எழுப்பும் விதியை எழுத மறந்துவிட்டார்கள். ஆனால் காதில் கம்பி இருந்தால், யாரோ பார்க்கிறார்கள் என்று சில்லு தூங்கவே தூங்காது. ஆய்வு செய்பவர் வசதிக்காக அப்படி ஓர் ஏற்பாடு. அதனால்தான் தேடும்போதெல்லாம் பிழை ஒளிந்துகொண்டது.

"திருத்த மூல நிரல் வேணும். அது பூமியில இருக்கு. கேட்டு வாங்க மாசக்கணக்காகும்" என்றாள்.

தேவசகாயம் உதட்டைப் பிதுக்கினார். "அப்ப அடுத்த கப்பல்தான்."

சுயம்புலிங்கத்தின் நெற்றி இசக்கியின் கண்முன் அகன்றுகொண்டே போனது. அந்த வயிற்றெரிச்சலில்தான் யோசனையும் வந்தது. கம்பி இருந்தால் போதும், மறுமுனையில் ஆள் இருக்கிறானா என்று மாஸ்டர் பார்க்கவா போகிறது? ஒரு சும்மாக் கம்பியைச் செருகிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஆய்வுக் கம்பி பூமிக்குத் திரும்ப வேண்டிய சாமான். கிடங்கிலும் அந்த மாதிரிக் கம்பி கிடையாது.

இருக்கிறது. அதே முனையுள்ள கம்பியை அவள் தினமும் மூன்று வேளை பார்த்திருக்கிறாள். தலைமையகக் கண்ணின் பின்னாலிருந்து புறப்பட்டுச் சுவருக்குள் போகிறதே, அதுதான். உபரி நீளம் இருந்தால் ஒரு முழம் வெட்டிக்கொள்ளலாம் என்று, சாப்பாட்டு நேரம் முடிந்து கூடம் காலியானதும் மேசைமேல் ஏறினாள். ஏறியதும் முதல் வேலையாகக் கண்ணுக்கு ஒரு வணக்கம் போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பிறகு சுவர்ப் பலகையைக் கழற்றி, கம்பியைப் பிடித்து இழுத்தாள்.

மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

மறுமுனை எதிலும் செருகப்படவில்லை. எலிவால் மாதிரி தொங்கியது. இழுத்தால் வெளியே வந்துவிடக் கூடாதென்று யாரோ அக்கறையாக ஒரு முடிச்சு வேறு போட்டிருந்தார்கள். முடிச்சின்மேல் பல வருஷத் தூசி. பக்கத்தில் ஒரு பேட்டரி, சிவப்பு விளக்குக்கு மட்டும். அது மட்டும் புத்தம் புதுசு.

இசக்கிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் விழுங்கிய கொட்டாவிகள் எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன.

கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. தேவசகாயம் நின்றிருந்தார்.

"இறங்கும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "யாருகிட்டயும் மூச்சு விடாத."

"நீங்களா சார் இப்படிப் பண்ணினது?"

"நான் வந்தப்பவே இப்படித்தான் கிடந்தது. எனக்கு முந்தி இருந்தவர் ரகசியமாச் சொல்லிட்டுப் போனார். பேட்டரி மாத்துறது மட்டும்தான் என் வேலை. ஒரு தடவை லைட்டு அணைஞ்சுபோச்சு. அன்னைக்குப் பூரா ஒருத்தனும் மேசையைத் துடைக்கலை."

இசக்கி அந்த வாலைக் கொண்டுபோய் மாஸ்டரின் காதில் செருகி, மறுதொடக்கப் பொத்தானை அழுத்தினாள். மாஸ்டர் சிலிர்த்துக்கொண்டு மாவு கரைக்க ஆரம்பித்தது. இனி அது தூங்காது, பூமியே தன்னைப் பார்க்கிறது என்று நம்பி ஆயுசுக்கும் இட்லி வீசும்.

தேவசகாயம் தன் அறையில் ரிலீவிங் ஆர்டரை எடுத்தார். அவர் தலைக்கு மேலும் ஒரு கண் இருந்தது. கையெழுத்துப் போடும் முன் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"சார், இந்தக் கண்ணோட வால் எங்க போகுது?"

பேனா நின்றது. "தெரியாது. கழட்டிப் பார்த்ததில்லை."

"ஏன் சார்?"

"பார்த்துட்டா, அப்புறம் நான் எப்படிம்மா வேலை பார்ப்பேன்?"

சாயங்காலம் கப்பல் கிளம்பியது. இசக்கிக்கு ஓரத்து இருக்கை, பக்கத்தில் ஆளில்லை. அப்பாடா என்று செருப்பைக் கழற்றி, காலை முன்னிருக்கைமேல் தூக்கிப் போட்டு, வாயை அகலத் திறந்து பல வருஷக் கொட்டாவியை விடத் தொடங்கினாள். பாதியில் நிமிர்ந்தால், தலைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு.

கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது கண். அதன் பின்பலகைக்கு இரண்டே திருகாணி. திருப்புளி பையிலேயே இருந்தது. எடுத்தாள். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டினாள். பிறகு பைக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

காலைக் கீழே இறக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பூமி வர ஏழு மாதம் ஆகும்.