தோளில் தொங்கிய ப்ளக்

டெலிபோன் அலறியது.

போலீஸ் கேப்டன் ஸ்போரில் அப்போதுதான் ரொட்டியில் சீஸ் தடவி முடித்திருந்தான். ஒலோமோட்ஸ் ஊர்ச் சீஸ். நாற்றத்துக்குப் பேர்போனது. அதைத் தின்கிற நேரத்தில் ஸ்டேஷனில் ஒரு ஆளும் அவன் அறைப் பக்கம் தலைகாட்ட மாட்டான்.

போனுக்கு மூக்கு கிடையாதே... அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தான்.

"என் வீட்டுக்காரர் செத்துக் கிடக்கிறார் சார்..."

பெண் குரல். இன்னும் அழுகை வரவில்லை. வரப்போகிறது என்று தெரிந்தது.

"யாரும்மா பேசறது?"

"லிபுஷெ ப்ரிக்ரில். ஆத்தங்கரைத் தெரு. ட்யூட்டி முடிஞ்சு இப்பதான் வந்தேன். வீடெல்லாம் இருட்டு. கீழ ரூம்ல, மீன் தொட்டி ஃபில்டருக்குள்ள கைய விட்டபடி... கரண்ட் அடிச்சிருக்கு. ஆனா அடிக்க முடியாது சார். ப்ளக்கைப் பிடுங்கித் தோள்ல போட்டிருக்கார். வெள்ளை ப்ளக். என் கண்ணு முன்னால தொங்குது. பிடுங்கின ப்ளக்ல எப்படி சார் கரண்ட் வரும்?"

கேள்வியை ஸ்போரில் அப்படியே குறித்துக்கொண்டான். அவனுக்கும் தெரியவில்லை.

"யாரோ கொன்னுட்டாங்க. யாருன்னு எனக்குக் கண்டுபிடிச்சுக் குடுங்க. அது போதும்."

எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்போரில் தொப்பியை எடுத்தான். ரொட்டி அநாதையாகக் கிடந்தது.

விலேம் ப்ரிக்ரில்!

ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தைக்குப் போகிற யாருக்கும் அந்தப் பேர் தெரியாமல் இருக்காது. ஸ்போரிலும் அங்கே கப்பி மீன் வாங்கப் போகிறவன்தான். விலேமின் ஒரு பழக்கத்தைச் சந்தையில் எல்லோரும் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். தண்ணீரில் கை வைக்கிறதற்கு முன்னால் ப்ளக்கைப் பிடுங்குவான். பிடுங்கியதைக் கீழே போடமாட்டான். ஒயரைத் தோள்மேல் போட்டு, ப்ளக்கை நெஞ்சுக்கு நேராகத் தொங்கவிட்டுக்கொள்வான். யாராவது தெரியாமல் திரும்ப மாட்டிவிட்டால்? அந்தப் பயம்.

அத்தனை பயந்தவன் கரண்ட்டில் செத்திருக்கிறான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்போரில் ஒரு நிமிடம் அசந்துபோனான்.

தொட்டி... தொட்டியா அது? சுவரிலிருந்து சுவர் வரைக்கும். ஆறாயிரம் லிட்டர். அதற்காக சோபா போயிருந்தது, அலமாரி போயிருந்தது, சாப்பாட்டு மேஜையும் போயிருந்தது. கட்டிய மனைவிக்கு ஒரே ஒரு நாற்காலியை மிச்சம் வைத்திருந்தான் மனுஷன். டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நியான் மீன்கள் கூட்டமாகத் திரும்பின. எஜமான் செத்தது அவற்றுக்குத் தெரியாது.

தண்ணீர் குழாய் வழியாகக் கீழ் அறைக்கு இறங்கி, அங்கே பஞ்சு, கூழாங்கல், பீட் மண் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, மோட்டார் வழியாக மேலே ஏற வேண்டும். அப்படித்தான் திட்டம். அந்த ஊர்த் தண்ணீர் கடினமானது. பீட் மண்ணில் ஊறினால்தான் மென்மையாகும். முதலில் ஒரு மீன்கூட விடாமல் மாதக்கணக்கில் வெறும் தண்ணீரை ஓடவிட்டிருந்தான் விலேம். ஃபில்டரில் நல்ல கிருமி வளர்ந்தால்தான் மீன் தாங்கும். மீன் இல்லாத தொட்டியைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரித்தபோது, தண்ணீர் இன்னும் பழகவில்லை என்று பதில் சொல்வானாம்.

கீழ் அறையில் டாக்டர் டார்ச் வெளிச்சத்தில் குனிந்திருந்தார். கரண்ட்தான், சந்தேகமே வேண்டாம் என்றார். விலேமின் இடது கை ஃபில்டர் தொட்டியின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி. வலது கை தண்ணீருக்குள். உள்ளங்கையில் தீய்ந்த காயம்.

ஸ்போரில் தோளைப் பார்த்தான்.

ப்ளக் தொங்கியது.

கறுப்பு ப்ளக்!

திரும்பிப் பார்த்தான். சுவர் ஓரத்தில் லிபுஷெ, ட்ராம் ஓட்டுகிற சீருடையைக்கூட மாற்றாமல். பக்கத்தில் ஒரு ஆள் அவளுக்காகக் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். 

அவன் ஓட்டோ யெட்லிச்கா. மீன் கடைக்காரன். விலேமின் சிநேகிதன். அதைவிட விலேமின் சண்டைக்காரன் என்றால் ஊருக்குச் சட்டென்று புரியும். நியானோடு ஏஞ்சல் மீனையும் விடப்போகிறேன் என்பான் விலேம். ஏஞ்சல் வளர்ந்ததும் நியானைச் சேமியா மாதிரி உறிஞ்சிவிடும், உனக்கு மண்டையில் இருப்பது மூளையா பாசியா என்பான் ஓட்டோ. சந்தையே வேடிக்கை பார்க்கும்.

"போன்ல வெள்ளை ப்ளக்னு சொன்னீங்களேம்மா?"

"பதட்டத்துல தப்பா சொல்லியிருப்பேன்."

"எனக்குப் போன் பண்ணதுக்கு அப்புறம் யாராவது இந்த ரூமுக்குள்ள வந்தாங்களா?"

"இல்ல. ஓட்டோவைக் கூப்பிட்டேன், வந்தான். நீங்க வர்ற வரைக்கும் மேலயேதான் இருந்தான்."

ஸ்போரில் அவளை உற்றுப் பார்த்தான். கொலைகாரனைப் பிடித்துக் கொடு என்று போனில் கேட்ட பெண் இவள்தானா? இப்போது எதையுமே கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகிற வழியில் மீட்டர் பெட்டியைத் திறந்தான். கரண்ட் எங்காவது கசிந்தால் தானாக அணைகிற ட்ரிப்பர் கீழே விழுந்திருந்தது. அதனால்தான் வீடு இருட்டு.

தலை சுற்றியது அவனுக்கு. ட்ரிப்பர் விழுந்தால் வீட்டில் கரண்ட் இல்லை. ப்ளக்கும் தோளில். இத்தனைக்கும் பிறகு ஒரு மனுஷனைக் கரண்ட் அடித்திருக்கிறது என்றால்...

அது இந்த வீட்டுக் கரண்ட் இல்லை!

அடுத்த நாள் காலை. காலண்டரில் அன்று விலேம் என்கிற பேருக்கு உரிய நாள். ஊரிலுள்ள விலேம்களுக்கெல்லாம் வீட்டில் பூவும் புட்டியும் கிடைக்கிற பெயர்நாள். ஒரு விலேம் மட்டும் பிணவறையில் கிடந்தான்.

ஸ்போரில் ஓட்டோவின் கடைக்குள் நுழைந்தான். சுற்றிலும் தொட்டிகள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. ஓட்டோ ராத்திரி தூங்கின முகமாகத் தெரியவில்லை.

ஸ்போரில் வாயைத் திறப்பதற்குள்...

"நான்தான் கொன்னேன்."

"என்னது?"

"விலேமை நான்தான் கொன்னேன். எழுதிக்குங்க. எங்களுக்குள்ள சண்டை. ஊருக்கே தெரியும்."

"ஏஞ்சல் மீனுக்காகவா?"

"ஆமா."

"யோவ், ஏஞ்சல் மீனுக்காக ஒருத்தனைக் கொன்னேன்னு நான் ரிப்போர்ட் எழுதினா என்னையத்தான் முதல்ல ஆஸ்பத்திரியில சேர்ப்பாங்க. சரி, எப்படிக் கொன்னே?"

சுவரிலிருந்து ஒரு ஒயர் இழுத்துத் தண்ணீரில் விட்டதாகச் சொன்னான் ஓட்டோ. எந்தச் சுவர்? ஏதோ ஒரு சுவர் என்றான். ட்ரிப்பர் விழுந்த வீட்டில் சுவரிலிருந்து எப்படி வந்தது கரண்ட்? ஓட்டோ வலையை எடுத்து ஒரு தொட்டியைத் துழாவ ஆரம்பித்தான். 

"கார் சாவியைக் குடு."

"கேப்டன்... வேணாம்..."

சாவி ஆணியில் தொங்கியது. ஸ்போரில் வெளியே போய் டிக்கியைத் திறந்தான். கோட்டு ஒன்று சுருட்டிக் கிடந்தது. விலக்கினான்.

இன்வெர்ட்டர்!

கரண்ட் போனால் தானாக மோட்டாரை ஓட்டுகிற பேட்டரிப் பெட்டி. புத்தம் புதுசு. அதிலிருந்து ஒரு ஒயர். ஒயரின் நுனியில்...

வெள்ளை ப்ளக்.

திரும்பி வந்தபோது ஓட்டோ மீன் தீனி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஸ்போரில் எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எல்லாம் தானாக வந்தது.

ராத்திரியில்கூட, ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் விலேம் கீழே ஓடுவானாம். தண்ணீர் நின்றால் ஃபில்டரில் வளர்ந்த கிருமி செத்துவிடும், பிறகு மீன்களும் சாகும் என்று, கரண்ட் வருகிற வரைக்கும் உட்கார்ந்து துடுப்பு போடுகிற மாதிரி கையால் தண்ணீரைக் கலக்குவானாம். இந்த வயதில் அந்த மனுஷன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று லிபுஷெ ஓட்டோவிடம் வந்திருக்கிறாள். பெயர்நாள் பரிசாக இன்வெர்ட்டர். அதுவரைக்கும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"நேத்து காலைல விலேம் பல் டாக்டர்கிட்ட போனான். லிபா, அதான் லிபுஷெ, ட்யூட்டியில. என்கிட்ட சாவி இருந்துச்சு. போய் மாட்டினேன் கேப்டன். பீட் மண் மூட்டைக்குப் பின்னால மறைச்சு வெச்சேன். பெட்டியோட ஒரு கம்பியைச் சட்டத்துல கட்டினேன். அதான் சரின்னு நினைச்சேன். இன்னிக்கு மெயினை நிறுத்திட்டு, 'விலேம், கரண்ட் போச்சு'ன்னு அவ கத்தறதா இருந்தா. அவன் விழுந்தடிச்சுக் கீழ ஓடணும்... தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும்... அவன் மூஞ்சியைப் பாக்கணும்னு ரெண்டு பேரும் ஆசைப்பட்டோம்."

மீதியை ஸ்போரில் தானே கோத்துக்கொண்டான். மோட்டாரில் விரிசல் இருந்திருக்க வேண்டும். கரண்ட் கசிந்து ட்ரிப்பர் விழுந்தது. வீடு இருண்டது. பரிசுப் பெட்டி சத்தமில்லாமல் வேலையை ஆரம்பித்தது. விலேம் இருட்டில் இறங்கினான், பழக்கப்படி சுவரிலிருந்த ப்ளக்கைப் பிடுங்கித் தோளில் போட்டான். அது பெட்டியின் வெள்ளை ப்ளக்; மோட்டாரின் கறுப்பு ப்ளக் மூட்டைக்குப் பின்னால் பெட்டியில் மாட்டியபடியே இருந்தது. மோட்டார் நின்ற பிறகும் மேல் தொட்டியிலிருந்து கொஞ்ச நேரம் தண்ணீர் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அதனால் அந்தச் சத்தத்தில் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. ஒரு கையால் சட்டத்தைப் பிடித்தான். இன்னொரு கையைத் தண்ணீரில் விட்டான்.

"அவ கூப்பிட்டதும் ஓடினேன். அந்த வெள்ளை ப்ளக்கைப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. அவ மேல போய் வாசல்ல நின்னா. நான் பெட்டியைக் கழட்டிட்டு, மோட்டாரோட ப்ளக்கை அவன் தோள்ல... என் கையாலயே போட்டேன்."

"தடயத்தை மறைச்சிருக்கே. தெரியுமா?"

"தெரியும். ஜெயில்ல போடுங்க. கொலைன்னே போடுங்க. என்னைத் திட்டிக்கிட்டே அவ இன்னும் இருபது வருஷம் இருந்திடுவா. தான் வாங்கின பரிசுதான் கொன்னதுன்னு தெரிஞ்சா ஒரு மாசம் தாங்க மாட்டா. சொல்லிடாதீங்க கேப்டன். உங்க கால்ல விழறேன்."

ஸ்போரில் தொப்பியைக் கழற்றினான். எத்தனையோ பேர் அவன் முன்னால் பொய் சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் தப்பிக்கத்தான். மாட்டிக்கொள்ள இப்படி ஒருத்தன் மன்றாடி அவன் பார்த்ததில்லை.

அந்த நேரம் வெளியே ட்ராம் மணி அடித்தது.

கடைக்கு எதிரே இருக்கிற நிறுத்தத்தில் ட்ராம் நின்றது. பயணிகள் ஏறினார்கள். ட்ராம் நகரவில்லை. ஓட்டுகிறவள் இறங்கிவிட்டாள்.

லிபுஷெ!

புருஷன் செத்த மறுநாளே வேலையா? வீட்டில் இருந்தால் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கணும், அதான் லீவு வேணாம் என்றுவிட்டேன் என்று கேட்காமலே சொன்னாள். கதவோரமாகவே நின்றாள். கண் வீங்கியிருந்தது.

ஓட்டோ ஸ்போரிலைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை.

ஸ்போரில் எழுந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். அவன் உத்தியோகத்தில் அது முதல் பொய்.

"ஒண்ணுமில்லம்மா... மோட்டார்ல விரிசல். பழுதான மோட்டார். அதுதான் காரணம். வேற எதுவும்..."

"கேப்டன், ட்ராம் நிக்குது. சீக்கிரம் பொய்யைச் சொல்லி முடிங்க."

ஸ்போரில் மறுபடியும் வாளிமேல் உட்கார்ந்தான்.

"வாசல்லேர்ந்து பாத்தேன்" என்றாள். "ஓட்டோ கோட்டுல சுத்தி எதையோ தூக்கிட்டுப் போயி கார்ல வெச்சான். வெச்சுட்டு, கார் மேலயே தலையை முட்டிக்கிட்டு அழுதான். நான் வாங்கச் சொன்ன சாமான், அளவு எனக்குத் தெரியாதா?"

"லிபா..."

"நீ சொல்லலைன்னா நான் பொழச்சுப்பேன்னு நீ நினைச்சே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீ செத்துருவேன்னு நான் நினைச்சேன். அதான் வாயைத் திறக்கல. ஆனா இப்ப, ஜெயிலுக்குப் போறேன்னு கிளம்பியிருப்பே. உன் புத்தி எனக்குத் தெரியாதா?"

ஓட்டோ முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அவர் தூங்கணும்னுதான் ஓட்டோ வாங்கினேன்" என்றாள் லிபுஷெ. குரல் அங்கேதான் உடைந்தது. "வேற எதுக்குமில்ல. தூங்கணும்னுதான்."

அழுதாள். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, மூச்சு முட்ட அழுதாள். ட்ராமிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். யாரும் சீக்கிரம் வா என்று குரல் கொடுக்கவில்லை. ஓட்டோ எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். தொட்டு ஆறுதல் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவளே அவன் தோளில் சாய்ந்தாள்.

ரொம்ப நேரம் கழித்துச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

"கேப்டன், நடந்ததை நடந்தபடியே எழுதுங்க. பரிசுன்னும் எழுதுங்க. எனக்கு வெட்கம் இல்ல." ஓட்டோவிடம் திரும்பினாள். "சாயந்திரம் வேற மோட்டார் கொண்டாந்து மாட்டு. பெட்டியையும்தான். நியானாவது பொழைக்கட்டும். ஏஞ்சல் கிடையாது, நீ ஜெயிச்சுட்டே. ஆனா இந்தத் தடவை மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து, பெரிசா ஒரு சுவிட்ச் வெச்சு மாட்டு."

ஸ்போரில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினான். பொய் சொன்னதற்கு மன்னிக்கணும், பழக்கமில்லை என்றான்.

"தெரியுது. ஓட்டோவும் சரியில்ல, நானும் சரியில்ல" என்றாள் ட்ராம் படியில் காலை வைத்தபடி. "எங்க வீட்ல பொய் சொல்றதுல கெட்டிக்காரர் அவர் ஒருத்தர்தான் கேப்டன். முப்பது வருஷமா தொட்டி வாங்கும்போதெல்லாம், 'லிபா, இதுதான் கடைசித் தொட்டி'ன்னு சத்தியம் பண்ணுவாரு... படுபாவி, இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லிட்டாரு!"