நடு சீட்டு எலுமிச்சம்பழம்

ஒவ்வொரு ஈஸ்டர் விடுமுறைக்கும் குளச்சலிலிருந்து அருமனைச் சித்தி வீட்டுக்குக் காரில் போவோம். அப்பா ஓட்டுவார், அம்மா முன் சீட்டில். பின்னால் ஒரு ஜன்னலோரம் நான், மறு ஜன்னலோரம் தம்பி லிஜோ. ரப்பர் தோட்டங்களுக்குள் ரோடு வளைய ஆரம்பித்ததும் இரண்டு பேருக்கும் குமட்டும். அதனால் அம்மா ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் தருவாள், நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே வர.

மூன்றாவதாக ஒன்றை எங்களுக்கு நடுவில் வைப்பாள்.

அதுவும் லிஜோவுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். மீன் பொரித்தால் அவனுக்கு இரண்டு துண்டு, எனக்கு ஒன்று. அவன் பிறந்ததிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல்தான், அதை நான் மறைத்ததில்லை.

போன வருடம், மர நிழலுக்குள் கார் புகுந்து பகலே மங்கியபோது, அந்தப் பழத்தை எடுத்தேன். கீறினேன்.

மணமே இல்லை.

பச்சைத் தண்ணீரை முகர்ந்ததுபோல் இருந்தது. பக்கத்துச் சீட்டிலிருந்துதான் ஈரமண் வாடை வந்தது.

"அக்கா, அத வச்சிரு," என்று காலி நடு சீட்டைப் பார்த்தபடி லிஜோ கிசுகிசுத்தான். "அவ பாக்குதா."

அம்மா திரும்பினாள். என் கையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஒனக்க அக்காளுக்குள்ளதுட்டி அது. நீ பொறக்கதுக்கு முன்னாலயே செத்துப்போன பிள்ள." பிறகு காலியாக இருந்த நடு சீட்டைப் பார்த்து, என்னிடம் ஒருநாளும் பேசாத குரலில் சொன்னாள்: "மக்கா, தங்கச்சிய விட்டிரு. அம்மா வேற பழம் தாறேன்."

லிஜோ போதாதென்று இவள் வேறா? நான் பழத்தைத் திருப்பி வைக்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கார் வளைவில் சாய்ந்து நிமிர்ந்தது.

நான் நடுவில் இருந்தேன்.

என் ஜன்னலோரத்தில், என் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஒருத்தி என் பழத்தை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"இப்பம் கொமட்டுதா, ஜின்சி?" என்று என் பெயரைச் சொல்லி அம்மா அவளைக் கேட்டாள்.

"இல்லம்மா."

நான் கத்தினேன். லிஜோ மட்டும் திரும்பிப் பார்த்தான். பிறகு கதவோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

இந்த ஈஸ்டருக்கும் அம்மா மூன்று பழம் வாங்கினாள். நடுவில் வைக்கும் பழத்தின் மணம் இப்போது எனக்கு நன்றாக வருகிறது.

லிஜோவின் தட்டில் இரண்டாவது துண்டு மீன் விழும்போது, என் இடத்தில் இருப்பவளின் முகம் சுருங்குகிறது, நான் பார்த்திருக்கிறேன். என்னைப்போல் அவளும் ஒருநாள் இந்தப் பழத்துக்குக் கை நீட்டுவாள்.

நான் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்.